சத்து ஊசியும் நம் மக்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவிலே ஊசி மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நம் மக்கள் நாற்று நட்டும், கடலை பறித்தும், கரும்பு வெட்டியும், வெளியூர்ச் செங்கல் சூளைகளில் வெந்தும் உயிர் வளர்ப்பவர்கள். உடல் ஒன்றே நமக்கு முதல். அந்த உடல் சற்றே தளர்ந்தவுடன், கைகால் மரத்தவுடன், தலை சுற்றியவுடன், நாம் முதலில் நாடுவது யாதெனில் ‘சத்து ஊசி’. அரை நாள் கூலியைக் கொடுத்து அந்தச் சிவப்பு நிற ஊசியைப் போட்டுக்கொண்டு வருகிறோம். போட்டவர் படித்த மருத்துவரா, யாருக்கோ கம்பவுண்டராக இருந்து விலகியவரா என்று கேட்பதில்லை. உள்ளே சென்ற மருந்தின் பெயரையும் கேட்பதில்லை. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதுதானே கல்வி? ஆகையால் இது கல்விச் சங்கத்தின் மேடையில் பேச வேண்டிய செய்தியே ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். ‘பி’ வைட்டமின் ஊசி தீய மருந்தன்று. உரிய நோய்க்கு, உரிய அளவில், தூய ஊசியால் செலுத்தப்பட்டால் அது உயிர் காக்கும் மருந்து. அந்த மருந்தின் வரலாற்றில் நம்மவர்க்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

‘பெரிபெரி’ என்றொரு நோய். கால்கள் மரத்துப்போகும், அல்லது நீர் கோத்து வீங்கும், நடை தளரும், நெஞ்சு படபடக்கும், இறுதியில் இதயம் ஓய்ந்துவிடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயா நாட்டில் இந்நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாக மாண்டனர். ஆனால் அதே மண்ணில், அதே வெப்பத்தில், தோட்டங்களில் உழைத்த தமிழ்க் கூலிகளை இந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. அந்தத் தமிழ்க் கூலிகள் யாவர்? வறுமையும் தீண்டாமையும் துரத்தத் துரத்தக் கப்பலேறிய நம் முன்னோர் அவர்களுள் பெருந்தொகையினர். நம் போளூர், கலசப்பாக்கம் பகுதிகளை அடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து சென்றவர்களும் அவர்களில் உண்டு.

அங்குப் பணிபுரிந்த பிராடன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இந்த வேற்றுமையைக் கண்டு வியந்தார். இருவர் உணவையும் ஒப்பிட்டார். சீனர் உண்டது இயந்திரத்தில் நன்கு தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் இதனை விளக்கினார். பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது பிழையாயினும், அரிசியைச் சுட்டிய விரல் சரியான விரலே. அவ்வாண்டுகளில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மற்றொரு மருத்துவர், நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலருக்கு நோய் கண்டது; 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை.

காரணம் எளிது. நெல்லின் உமிக்குக் கீழுள்ள தவிட்டிலும் முளையிலும் தையமின் எனப்படும் ‘பி1’ சத்து இருக்கிறது. பச்சை நெல்லைத் தீட்டினால் தவிட்டோடு அச்சத்தும் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அந்தச் சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே ஊறிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஓரளவு தங்கும். எந்தப் பள்ளிக்கும் அனுமதிக்கப்படாத நம் பாட்டிமார் நெல் அவித்த அடுப்பிலே இந்த அறிவியல் இருந்தது. பின்னாளில் குன்னூரில் ஆராய்ச்சிக்கூடம் நடத்திய மக்கரிசனும், அவருக்குப்பின் வந்த ஐக்ராய்டும் சென்னை மாகாணத்திலேயே இதனைக் கண்டனர். பச்சரிசி உண்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது; புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. அந்தக் குன்னூர் ஆராய்ச்சிக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

தையமினை 1936-இல் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் இராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் நெல்லூர். அன்று அது நம் சென்னை மாகாணம். இன்று ஊசிக்குப்பியில் அடைபட்டு வரும் ‘பி1’ அந்த உழைப்பின் விளைவே.

இனி, ‘பி’ என்பது ஒரே சத்தன்று. எட்டுச் சத்துகள் கொண்ட ஒரு குடும்பம் அது. வாயின் இரு ஓரங்களும் வெடித்துப் புண்ணாகிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் பார்க்கிறோம். அது பெரும்பாலும் ‘பி2’ குறைவின் அடையாளம்; சில வேளைகளில் இரும்புச் சத்துக் குறைவும் அதனுடன் சேர்ந்திருக்கும். அதற்கு ஊசி வேண்டியதில்லை. முட்டை, பால், கீரை, பயறு இவற்றோடு சில நாள் மாத்திரை போதும். நடுத்தெருவில் நின்று ‘பிள்ளைக்கு ஒரு சத்து ஊசி போடுங்கள்’ என்று கேட்கும் தாய்மார்கள் இதனை மனத்தில் கொள்ளவேண்டும்.

ஊசி எங்கே இன்றியமையாதது எனில், சிறப்பாக ‘பி12’ குறைவில். இச்சத்து எந்தக் கீரையிலும் இல்லை. எந்தத் தானியத்திலும் இல்லை. நுண்ணுயிர்களே இதனை ஆக்குகின்றன. இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது. ஒரு நாளைக்கு வேண்டியது இரண்டு முதல் இரண்டரை மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரோகிராம். இத்துணைச் சிறிய அளவு குறைந்தால் என்ன நேர்கிறது? இரத்தம் வெளுக்கிறது. நாக்கு வழவழத்து எரிகிறது. விரல் முட்டிகள் கறுக்கின்றன. பாதங்கள் பஞ்சின்மேல் நடப்பதுபோல் மரக்கின்றன. இருட்டில் நடை தள்ளாடுகிறது. மறதி கூடுகிறது. நாள்பட விட்டுவிட்டால் நரம்பின் கேடு மீளாமலே போய்விடும். இத்தகையோர்க்கு மருத்துவர் 1000 மைக்ரோகிராம் கொண்ட ஊசியை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாளோ வாரம் ஒருமுறையோ செலுத்தி, பிறகு மாதம் ஒருமுறை அல்லது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என நீட்டுவார். இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் துணை செய்தால்தான் குடல் இச்சத்தை ஈர்க்கும். அப்பொருள் சுரக்காதவர்களுக்கு ஊசி ஆயுள் முழுவதும் தேவைப்படலாம். மற்றவர்களுக்கு, நரம்பு பாதிக்கப்படாத நிலையில், அதே அளவு மாத்திரையை நாள்தோறும் விழுங்கினாலே பெரும்பாலும் போதும்.

ஊசியின் சிவப்பு நிறத்தைக் கண்டு ‘இரத்தம் ஏற்றுகிறார்கள்’ என்று நம்புவோர் நம்மிடையே உண்டு. அந்நிறம் ‘பி12’-க்குள் இருக்கும் கோபால்ட் என்னும் உலோகத்தால் வந்தது. இரத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இங்கே நம் சமூகத்தைப் பற்றிய ஒரு செய்தியைத் தயங்காமல் சொல்லவேண்டும். இரத்தம் வற்றிச் சாகும் ஒருவகைச் சோகை நோய்க்கு 1926-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் கண்ட மருந்து என்ன தெரியுமா? நாள்தோறும் அரை பவுண்டு அளவுக்கு ஈரல்! அதற்காக 1934-இல் மைனாட், மர்ஃபி, விப்பிள் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஈரலுக்குள் ஒளிந்திருந்த பொருளே 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட ‘பி12’. மாட்டு ஈரல் நூறு கிராமில் இச்சத்து ஐம்பது மைக்ரோகிராமுக்கும் மேல் உள்ளது. ஈரல், சுவரொட்டி, உப்புக்கண்டம், கருவாடு, வயல் நண்டு, நத்தை என்று எவற்றையெல்லாம் காட்டி நம்மை இழிவு செய்தார்களோ, அவையே இச்சத்தின் களஞ்சியங்கள். மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட தீண்டப்படாதார் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1927-இல் மகாடில், செத்த மாட்டை உண்பதை விடுங்கள் என்று அவர் அறிவுறுத்தியதும் உண்மை. அது பிறர் எறிந்ததை ஏற்காதே என்ற தன்மான அறிவுரை. தன் உழைப்பின் காசில், கடையில், தூய இறைச்சி வாங்கிச் சமைத்து உண்பது வேறு. நகரத்துக்குப் படிக்கச் செல்லும் நம் இளைஞர் சிலர், விடுதியில் பிறர் முகஞ்சுளிப்பதற்கு அஞ்சி முட்டையைக்கூட விட்டுவிட்டு, பிறகு சோர்வென்று சத்து ஊசிக்கு வரிசையில் நிற்பது நமக்கு உடன்பாடில்லை. கொள்கையால் புலால் மறுப்பவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் பால், தயிர் தவறாமல் கொள்ளவேண்டும். மருத்துவரைக் கேட்டு ‘பி12’ மாத்திரையும் உட்கொள்ளவேண்டும்.

தாய்மார்கள் அறியவேண்டிய சத்து ஃபோலிக் அமிலம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய் வந்து, நூற்பாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான சாறொன்றைக் கொடுத்து அவர்களைத் தேற்றினார். குன்னூரிலும் அவர் ஆய்வு நடந்தது. அச்சாற்றில் இருந்த சத்தைப் பின்னர் 1945-இல் அமெரிக்காவில் செயற்கையாக ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, வறுமையோடு போராடிப் படித்தவர் அவர். நம் பள்ளிகளில் வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு வழங்கும் இரும்பு மாத்திரையில் இந்த ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. கசக்கிறது, வயிறு புரட்டுகிறது என்று சன்னலுக்கு வெளியே எறியும் பிள்ளைகளைப் பெற்றோர் வீட்டிலும் கேட்கவேண்டும். வெறும் வயிற்றில் விழுங்காமல், மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் அத்தொல்லை குறையும். ஆனால் ஓர் எச்சரிக்கை: ‘பி12’ குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் தொடர்ந்து கொடுத்தால் சோகை மறையும், நரம்பின் கேடோ உள்ளே வளர்ந்துகொண்டே போகும். எது குறைகிறது என்று அறியாமல் எதையாவது போடுவதன் கேடு இதுதான்.

நீரிழிவு நோயாளிகள் இப்போது நம் தெருக்களிலும் பெருகிவிட்டனர். மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோர்க்கு ‘பி12’ குறையக்கூடும். நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் போன்றவற்றை நெடுநாள் விழுங்குவோர்க்கும் அவ்வாறே. ஆயினும் நீரிழிவுக்காரரின் கால் எரிச்சல் எல்லாம் சத்துக் குறைவால் வருவதன்று; சர்க்கரையே நரம்பைக் கெடுக்கும். அண்ணல் அம்பேத்கரும் நீரிழிவாலும் கால் நரம்பு வலியாலும் பல்லாண்டு துன்புற்றவரே. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் மாதந்தோறும் ஊசி மட்டும் போட்டுக்கொள்வது, கூரை ஒழுகும் வீட்டில் தரையை மட்டும் துடைப்பது போன்றது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்வோம். மது நம் குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. நாள்தோறும் குடித்து உணவை மறந்தவன் உடலில் ‘பி1’ சில வாரங்களிலேயே வற்றிவிடும். அவன் கண் நிலைகொள்ளாமல், நடை தள்ளாடி, நினைவு தடுமாறினால், ‘போதை தெளியவில்லை’ என்று திண்ணையில் கிடத்திவிடக் கூடாது. ‘குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்’ என்று அருகிலிருப்பவரிடம் கொண்டுபோகவும் கூடாது. தையமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமுள்ள சத்தும் செலவாகி மூளை கெடும். உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தையமின் ஊசி உயிரையும் அறிவையும் மீட்கும் இடம் அதுவே.

அப்படியானால், உரிமம் இல்லாதவர் போடும் ஊசியில் உடல்வலி மறுநாளே பறந்துவிடுகிறதே, அது எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வைட்டமின் ஒரே இரவில் உடல்வலியைப் போக்காது. அத்தகைய பல இடங்களில் ‘பி’ ஊசியோடு வலி மருந்தும், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் கலந்து செலுத்தப்படுகின்றன. சுகம் தந்தது அவை. பெயர் வாங்கியது சத்து ஊசி. அடிக்கடி செலுத்தப்படும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும், நோய் எதிர்ப்பைக் குலைக்கும். வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் நாள் முழுதும் வேர்த்து உழைப்பவனுக்கு அந்த ஆபத்து இரட்டிப்பு. ‘பி6’ கூட அளவு மிஞ்சி நெடுநாள் சென்றால், எந்த நரம்பைக் காக்க வந்ததோ அந்த நரம்பையே மரக்கச் செய்யும். மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், கெடுதல் இல்லை என்று சொல்வது முழு உண்மையன்று.

ஊசியின் முனை மருந்தைக் காட்டிலும் கொடியதாகலாம். 2009-இல் குசராத் மாநிலத்தின் மொடாசா பகுதியில், ஒருமுறை பயன்படுத்திய ஊசிக்குழல்களை மீண்டும் பயன்படுத்தியதால் ‘பி’ வகை மஞ்சள் காமாலை பரவிப் பலர் மாண்டனர். 2018-இல் உத்தரப்பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்துப் பங்கர்மாவில், சைக்கிளில் வந்து மலிவாக ஊசி போட்ட ஒருவரை நம்பிய ஏழைகள் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. இரண்டும் தொலைவில் நடந்தவை என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை.

ஆகையால், மருத்துவர் ஊசி எழுதித் தந்தால் அச்சமின்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். ஊசிக்குழல் உறையை நம் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். வெந்நீரில் கழுவியதும் சாராயத்தில் துடைத்ததும் புதிய ஊசி ஆகாது. மருந்துப் புட்டியின் பெயரையும் காலாவதி நாளையும் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் படிக்கும் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். இதற்கும் உதவாத எட்டாம் வகுப்புப் படிப்பு எதற்கு? சதையில் போடவேண்டிய மருந்தைச் ‘சீக்கிரம் வேலை செய்யும்’ என்று நரம்பில் ஏற்றச் சொல்லி நாமே வற்புறுத்தக் கூடாது. அரிதாகவேனும் தையமின் ஊசியால் மூச்சுத் திணறி அதிர்ச்சி நேர்வது உண்டு. முன்பு எந்த ஊசிக்கேனும் தடிப்போ மூச்சிரைப்போ கண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே அமருங்கள். குழந்தைகளுக்குப் புட்டத்தின் நடுவில் குத்திய ஊசி இடுப்பு நரம்பைத் தைத்துக் காலையே முடமாக்கியதுண்டு. பயிற்சி பெற்ற செவிலியரே போடவேண்டும் என்பது இதனால்தான்.

மருத்துவ அறிவு நமக்கு அன்னியமானதன்று. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர். அவர் 1907-இல் தொடங்கிய இதழ் நம் மக்களுக்கு எழுத்தறிவையும் பகுத்தறியும் திறனையும் ஒருங்கே ஊட்டியது. அந்த மரபில் வந்தவர்கள் ஊசிக்காரரின் சொல்லுக்குக் கைகட்டி நிற்கவேண்டியதில்லை.

உணவைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. நம்மைச் சுற்றியே அது விளைகிறது. நாம் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையில் ‘பி1’-உம் ‘பி3’-உம் நிறைந்துள்ளன. விளைந்ததையெல்லாம் மூட்டை கட்டி விற்றுவிட்டு, பிள்ளைக்குப் பொட்டலத் தின்பண்டம் வாங்கித் தருகிறோம். ஒரு கைப்பிடிக் கடலையைச் செந்தோலுடன் அவித்துக் கொடுங்கள். சவ்வாது மலையிலிருந்து வரும் சாமையை ஆலையில் வெளுக்கத் தீட்டாமல் வாங்குங்கள். நியாயவிலைக் கடைப் புழுங்கலரிசியை ஏளனம் செய்யாதீர்கள். அதனை ஏழெட்டு முறை கழுவிச் சத்தை வாய்க்காலில் விடாதீர்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள். சத்துணவில் 1989-இல் இடம்பெறத் தொடங்கிய முட்டையை நம் பிள்ளை உண்கிறானா என்று விசாரியுங்கள். ஒரு முட்டை அவனது அன்றாட ‘பி12’ தேவையில் கணிசமான பங்கைத் தரும்.

இறுதியாக, சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு வெளியூர் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். புறப்படும் முன் அரசு சுகாதார நிலையத்தில் இரத்த அளவும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கை கால் மரப்பு இருந்தால் அதனைத் தனியே சொல்லுங்கள். தேவையெனில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். ஊசி தொடங்கியிருந்தால், பள்ளிப் பிள்ளையின் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் மருந்தின் பெயர், அளவு, போட்ட நாள், அடுத்த நாள் ஆகியவற்றைச் செவிலியரையே எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் தங்கும் சூளைக்கு அருகில் எந்த அரசு நிலையம் இருந்தாலும் அக்குறிப்பேட்டைக் காட்டி, விட்ட இடத்திலிருந்து மருத்துவத்தைத் தொடரலாம். குறிப்பேடு இல்லாதவர்கள் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் பெயரும் வயதும் எழுதித் தர நம் மாணவர்கள் இருப்பார்கள்.